உரிமையாளர் எத்தனை பேர்?

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்டோடு யார் வந்தாலும், என் வண்டியைப் பறிமுதல் செய்யத்தான் வருகிறார்கள் என்று போன செவ்வாய்க்கிழமை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத்தான் தெரியுமே, பத்தி எழுதி எனக்கு வயிறு நிறைவதில்லை. சோறு போடுவது ஒரு மினி லாரி. மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றி, புதுச்சேரியில் கொண்டுபோய் இறக்குகிற வண்டி. அன்று ஏற்றியிருந்த லோடு கொஞ்சம்... சரி, நிறையவே அதிகம்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வரப்பு மேல் நடந்து வந்தார். கையில் டேப்லெட். ஓடினேன். உப்பளத்தில் எங்கே ஓடி ஒளிவது? மரமா, மறைவா? வெள்ளை வெளேரென்று ஓர் உப்புக் குவியல் — அதன் பின்னால் சிவப்புச் சட்டையோடு குந்திக்கொண்டேன்.

டிரைவர் ஏழுமலை அண்ணன் குரல் கேட்டது. "ஓனருங்களா? அதோ, செவப்பா தெரியுது பாருங்க... அதாங்க."

வந்தவர் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்கு ஒரு விருது தரலாம்.

"சார், போக்குவரத்து, தகவல்தொடர்புத் தொழில் பத்தின தேசியக் கணக்கெடுப்புங்க. உங்க நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

நிறுவனமா? திரும்பிப் பார்த்தேன். ஒரு வண்டி, ஒரு தார்ப்பாய், பீடி பற்றவைக்கும் ஏழுமலை அண்ணன்.

"வரியும் இல்ல, ஃபைனும் இல்ல சார். இந்த மாதிரி நாடு முழுக்க எத்தனை வண்டி ஓடுது, எத்தனை பேர் பொழைக்கிறாங்கன்னு தெரியணும். அவ்ளோதான்."

உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது. மாதம் எத்தனை நாள் ஓடும், எவ்வளவு தூரம் போகும் — டாண் டாண் என்று பதில். கேட்காததற்கும் சொன்னேன்.

"உரிமையாளர் எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேருங்க. நானும் பஷீரும்."

"அவரையும் கூப்பிடுங்களேன்."

"அவன் கத்தார்ல இருக்கான். ஆறு வருஷமா."

டேப்லெட் மேல் அவர் விரல் நின்றது. "இப்பவும் தொழில்ல அவருக்குப் பங்கு இருக்கா சார்?"

கோட்டக்குப்பத்துப் பஷீரும் நானும் சேர்ந்து வாங்கிய பழைய வண்டி இது. போகும்போது அவன் ஓட்டுவான், வரும்போது நான். நான் ஓட்டுகிற நேரமெல்லாம் காலை டேஷ்போர்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "மச்சான், பிரேக்குன்னு ஒண்ணு இருக்குதுடா, அதையும் மிதிச்சுப் பாரேன்" என்பான். தங்கை கல்யாணச் செலவுக்குச் சம்பாதிக்க, மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கத்தார் போனான். உன் பங்கைப் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். "அப்டியே கெடக்கட்டும்டா. ரெண்டே வருஷம்... வந்து ஓட்டணும்" என்றான்.

முதலில் தினமும் பேசினோம். பிறகு வெள்ளிக்கிழமைகளில். பிறகு பொங்கலுக்கு அவன், ரம்ஜானுக்கு நான். இப்போது காலையில் ரோஜாப்பூ போட்ட ஒரு குட்மார்னிங் படம் மட்டும் வருகிறது. அடுத்த நோன்புக்கு வந்துவிடுவான் என்று கேட்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காதபோதும்.

சில கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. பதில் தெரியாததாலா? தெரிந்துவிடுமே என்பதால்! ஆனால் அரசாங்கமே கேட்கும்போது நான் என்ன செய்ய? போனைப் போட்டேன்.

"இன்னாடா மச்சான்? யாருக்கு இன்னா ஆச்சு?" — எடுத்த எடுப்பில் பதறினான். அவ்வளவு நாளாகிவிட்டது, நான் கூப்பிட்டு.

"ஒண்ணும் ஆவலடா. கவர்மெண்ட்ல கணக்கெடுக்கறாங்க. நம்ம வண்டிக்கு ஓனர் எத்தினி பேருன்னு கேக்கறாங்க. ரெண்டுன்னு சொல்லிடவா?"

சிரித்தான். அதே சிரிப்பு. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பின்னால் பஸ் ஹாரன் சத்தம் — அங்கே அவன் ஓட்டுவது பஸ். சிரிப்பு நின்றது.

"இங்க இந்தக் கம்பெனி கணக்குல என்னை டிரைவர்னு போட்டிருக்காங்கடா. ஒரே ஆளு ரெண்டு நாட்டுக் கணக்குல எப்பிடி வருவான்? மச்சான்... உன்கிட்ட சொல்லணும்னு எத்தினியோ தபா போன எடுத்து எடுத்து வெச்சிட்டேன். பசங்களுக்கு இங்கயே ஸ்கூல் கெடச்சிடுச்சு. அடுத்த மாசம் எல்லாரும் இங்க வந்துடறாங்க."

"அப்ப நீ?"

"உன் பேரு மட்டும் போட்டுடுடா."

எதற்கும் ஒரு நக்கல் கைவசம் வைத்திருப்பவன் நான். அன்று ஸ்டாக் இல்லை. "சரிடா" என்றேன். அவனும் "சரிடா" என்றான். இருவரும் உடனே போனை வைக்கவில்லை.

அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தார். போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"ஒருத்தர்தாங்க."

ஒன்று என்று பதிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"தொழில் விஷயமா செல்போன் பயன்படுத்துறீங்களா சார்?"

"ஆமாங்க" என்றேன்.