மைனி சொன்ன மாதம்

பட்டாளத்திலிருந்து அண்ணன் அனுப்பிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். பனிமலையில் காவல் நிற்கிறவனுக்கு எங்கள் ஏரல் பக்கத்துக் குளிர் மறந்துபோயிருக்க வேண்டும். மார்கழி விடியலில் ஆற்றின்மேல் புகைபோல மூட்டம் நிற்கும், வாழை இலையில் பனி சொட்டும், வெயில் ஏறினால் வியர்த்துவிடும். அவ்வளவுதான் எங்கள் குளிர்காலம். ஆனாலும் மைனி, அண்ணனின் புது மனைவி, அதை மாட்டிக்கொண்டுதான் வாசலில் கோலம் போடுவாள். "என்னட்டி, இமயமலையிலயா கோலம் போடுத?" என்று எதிர்வீட்டு அத்தை கேலி செய்வாள். "ஆமா அத்தை, அங்கன போய்ட்டுத்தான் வாறேன்" என்பாள் மைனி, நிமிராமலே.

அந்த வருஷம் வைகாசியில் கல்யாணம் முடிந்த கையோடு அண்ணன் திரும்பிப் போயிருந்தான். பிறகு கார்த்திகையில் சின்னதாக ஒரு லீவு கிடைத்தது. அதை மாற்றச் சொன்னவள் மைனிதான். ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்கு அடைமழைக் காலம். திருக்கார்த்திகை விளக்கோடு மழை போய்விடும் என்று ஊரே நம்பும். ஓடு மாற்றுவதுகூட அந்தக் கணக்கில்தான். "மழையில வந்து வீட்டுக்குள்ள மொடங்கிக் கெடக்கவா? மார்கழியில வாங்க. திருச்செந்தூர் போவோம், ஆத்துல குளிப்போம்" என்று போனில் சொன்னாள். அம்மாவும் சரி என்றாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன நானும் அதையேதான் சொன்னேன். அண்ணன் கூட்டாளி ஒருவனோடு லீவை மாற்றிக்கொண்டான்.

கார்த்திகை வறண்டே கழிந்தது. மார்கழி பிறந்து அண்ணன் ரயில் ஏறிய பிறகு மழை பிடித்தது; பெய்யவில்லை, கொட்டியது. தாமிரபரணி வாழைத் தோட்டங்களுக்குள் ஏறி, பாலத்தின் மேலே ஓடியது. ரயில் மதுரையோடு நின்றது. பஸ்ஸும் இல்லை. அண்ணன் அங்கிருந்து கூப்பிட்டான். "சாப்பிட்டியளா?" என்றாள் மைனி. அடுத்தடுத்த நாளும் அதே கேள்விதான். தண்ணீர் வடிவதற்குள் லீவு தீர்ந்து, அவன் அப்படியே வடக்கே திரும்பினான்.

ஊர் முழுக்க வெள்ளத்தைத் திட்டியது. வீட்டுக்குள் வந்த சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டே மைனி தன்னைத் திட்டிக்கொண்டாள். "கார்த்திகையில வாறேன்னுதான சொன்னாவ. நாந்தான வேண்டாம்னேன்." "நீ என்னட்டி செய்வ, மழ ஏமாத்திட்டு" என்றாள் அம்மா. அது மைனியின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அவள் அண்ணனோடு வடக்கே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். சந்தோஷம்தான். அம்மாவும் நானும் மட்டும் இருக்கிற வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துபோயிற்று. பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போகிற வழியில் ஆற்றைப் பார்க்கிறேன். ஒரு மார்கழி வெயிலாய்ச் சுடுகிறது, ஒரு மார்கழி குளிர்கிறது, தை பிறந்தும் ஒருமுறை தூறியது. நேற்று போனில், "எப்ப வாறீய மைனி?" என்று கேட்டேன்.

"நீயே ஒரு மாசம் சொல்லு தம்பி."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை; அந்தக் குரலில் பயம் இருந்தது. பன்னிரண்டு மாதத்தையும் விரலில் எண்ணிப் பார்த்தேன்; ஒன்றையும் நம்பிச் சொல்ல முடியாது.

"மழ பெஞ்சா பெய்யட்டும். நீங்க வாங்க மைனி" என்றேன்.