மரத்தூள் நடந்த பலகை

அச்சு இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே முப்பத்தொரு வருடம் நின்றவர் அவர். ஓய்வு பெறும் முன்பே அவருடைய காதுகள் ஓய்வு பெற்றுவிட்டன. எதைச் சொன்னாலும் ‘என்னது?’ என்று கேட்பதால், தெருவில் அவருக்கு ‘என்னது’ என்றே பெயர் விழுந்தது. காதில் மாட்டிய கருவி விசிலடித்தே உயிரை வாங்கியதால் அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். முகத்துக்கு நேரே பேசினால் உதட்டசைவைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்.

அவர்தான் கிட்டார் செய்யப்போகிறேன் என்று கிளம்பினார். மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். அவருடைய மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிட்டார் வாசித்தவள். வீடு மாறும்போது அது லாரியில் நசுங்கிப்போனது. இனி வாசித்தாலும் கேட்க வீட்டில் ஆள் இல்லையே என்று அவள் வேறொன்று வாங்கவில்லை. அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்கு அது தைத்துவிட்டது.

மனைவி தையல்காரி. பின்னறையில் பாதி அவளுடைய தையல் மெஷினுக்கு, மீதி இவருடைய பட்டறைக்கு. இசைப்பள்ளியில் தூக்கிப்போட்ட பழைய பியானோவின் உள்பலகையை, கிட்டாரின் முகப்புக்கென்று கேட்டு வாங்கி வந்தார். பக்கப் பலகைகளை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைத்தார். முதல் இரண்டும் படக்கென்று ஒடிந்தன. மூன்றாவது, இடுப்பும் தோளுமாக, சொன்ன பேச்சுக் கேட்டு வளைந்தது.

முகப்புப் பலகையில்தான் மாட்டிக்கொண்டார். தடித்திருந்தால் கிட்டார் ஊமை; ஓவராக இழைத்துவிட்டால் கம்பியின் இழுப்பில் நொறுங்கிவிடும். மற்றவர்கள் விரலால் தட்டிக் கேட்டு முடிவு செய்வார்கள். இவர் தட்டினார், விரல்தான் வலித்தது. பலகையை மனைவியின் மேசையில், துணித் துண்டுகளின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் பாட்டுக்கு ஒரு திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓட ஓட, பலகையின் மேல் கிடந்த மரத்தூள் நகர்ந்தது. எறும்புக் கூட்டம்போல ஊர்ந்துபோய் ஒரே கோடாகச் சேர்ந்தது. அவர் சட்டென்று எழுந்தார்.

“நிறுத்தாதே. இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டு.”

அவள் பெடலை அழுத்தினாள். கோடு கலைந்தது, வேறிடத்தில் வளையமாகக் கூடியது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். இத்தனை வருடம் காதுக்குள் போய் மறைந்த சத்தமெல்லாம் இப்படியா இருந்தது என்று அவருக்குத் தோன்றியது. ஆடுகிற இடத்தில் தூள் நிற்காது, ஆடாத இடத்தில்தான் தங்கும் என்று மெல்லப் புரிந்தது. வளையம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தால், அந்தப் பக்கத்தில் மயிரிழை அளவு இழைப்பார். மறுபடி தூள் தூவுவார். அவள் மறுபடி பெடல் மிதிப்பாள். பதினாறு நாள் இதே வேலை. திரைச்சீலை தைக்கக் கொடுத்தவர் மூன்று தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினார்.

ஒரு ஞாயிறு காலையில் கம்பிகள் ஏறின. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து சுதி சேர்த்தாள். வாசிக்கத் தொடங்கியவளின் முகம் மாறியது. உதடு மட்டும் அசைந்தது: “நல்லா இருக்குங்க.”

அவர் நம்பவில்லை. எழுந்து போய், கிட்டாரின் மேல் விளிம்பில் தாடையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டார். அவள் தடித்த கம்பியை மீட்டினாள். அதன் அதிர்வு எலும்பு வழியாக ஏறி, தலைக்குள் மணியடித்ததுபோல நிறைந்தது. மெல்லிய கம்பிகள் எட்டவில்லை, தாடையில் லேசான கூச்சமாக மட்டும் வந்தன. அடித்தொண்டையில் பாடுவதுபோல ஒலித்த மூன்று தடித்த கம்பிகள் மட்டும் வந்து சேர்ந்தன.

“கேக்குது,” என்றார். சொன்ன தன் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

அவள் நிறுத்தாமல் வாசித்தாள். அன்று முதல் தடித்த கம்பிகளில் ஓடும் மெட்டுகளாகத் தேடித் தேடி வாசிக்கிறாள். இப்போது அவர் அடுத்ததற்கு முகப்பு இழைத்துக்கொண்டிருக்கிறார். அது மைத்துனன் கேட்டது.