பிரேக் விளக்கைப் பார்த்துச் சொன்னவர்

எதிர் ஃப்ளாட்டில் தன் தம்பி வீட்டுக்கு வந்திருந்த அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த உடம்பு, வெளிர் நிறச் சேலை. ஃபோன் அடித்தால் எடுக்க மாட்டார். அது அடங்கும்வரை முந்தானையால் திரையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

எங்கள் போவன்பள்ளி அடுக்ககத்தில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்துவோம். அன்று காலை அவர் தம்பியின் காரை மறித்து என் கார் நின்றது. பிரேக்கை மிதித்தும் ஆட்டோமேட்டிக் கியர் 'பி' என்ற நிறுத்த நிலையை விட்டு அசையவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். புத்தகத்தைப் பார்த்து நானே சரிசெய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிட மனம் வரவில்லை. கூடவே பிரேக் விளக்கும் எரியாவிட்டால் பியூஸ் போயிருக்கலாம் என்று காரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. பியூஸை மாற்றிவிட்டு, கீழே வந்து காத்திருந்த அவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னேன்.

"எரியுதாக்கா?"

"இல்லம்மா."

கண்ணாடியில் அவர் வெளிர் சேலை விளக்கொளியில் சிவப்பாகத் தெரிந்தது. கியரும் அசைந்தது. இறங்கிப் போய் அவரைப் பார்த்தேன்.

"நக்கோம்மா, காரை எடுக்காத," என்றார் மெதுவாக. "பெரியவங்க பேசி முடிச்சிட்டாங்க. அடிச்ச புருஷன் வீட்டுக்கே இன்னிக்குக் கொண்டு விடறாங்க."

தம்பி பெட்டிகளோடு லிஃப்டிலிருந்து வந்தார். "ஆச்சா மேடம்?"

"எனக்குப் புரியல. மெக்கானிக்தான் வரணும்."

"ஹவ், ஆமாமா, படிச்சவங்க கார் வாங்கினா இப்படித்தான்," என்று சிரித்தார். "அக்கா, நாளைக்குப் போய்க்கலாம்."

மறுநாள் காலை நானே காரை எடுத்து வழிவிட்டேன். அவர் தம்பி காரின் முன் இருக்கையில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நாளை வைத்து அவர் என்ன செய்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.