மேனகா பார்த்த படம்

மாரமங்கலத்தில் மேனகாவின் கோபம் எல்லோருக்கும் தெரிந்தது. மிளகுக் கொடிக்கு ஏணி போட்டு ஏறினால் ஆண்களைவிட வேகமாகப் பறிப்பாள். கூலியாள் எவனாவது கொடியை முறித்துவிட்டால் கீழே இறங்கும்வரைகூடப் பொறுக்காமல் மேலிருந்தே திட்டுவாள்.

அவளுக்கு வயிறு உப்பத் தொடங்கியது. இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. ஏற்காட்டில் ஒரு கிளினிக்கில் போய்க் காட்டினாள். கேஸ் என்றார் டாக்டர். மாதக்கணக்காக மாத்திரை விழுங்கியும் வயிறு இறங்கவில்லை.

"ஏனுங்க, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாமுங்களா?" என்று அவளே கேட்டாள்.

"கேஸுக்கு எதுக்கும்மா ஸ்கேன்?" என்று சிரித்துவிட்டு, அதே மாத்திரையை மறுபடியும் எழுதினார்.

ஏணியில் குனிய முடியாமல் போன அன்று, புருஷன் தனபாலை இழுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று தனபாலை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சின்னக் கட்டிதான் புள்ள. மருந்துல கரைஞ்சுருமாம்."

படுக்கை கொடுத்த வார்டில் பாதிப் பெண்களுக்குத் தலையில் முடி இல்லை. மேனகாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நேராக, தனபாலை உள்ளே கூப்பிட்டுப் பேசிய டாக்டர் ஷீனாவின் அறைக்குள் போனாள்.

"என்ற வவுத்துல இருக்கறத என்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொல்றீங்க. எனக்குக் காது இல்லீங்களா? அந்தப் படத்த எனக்குக் காட்டுங்க."

ஷீனா கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இது சினைப்பையில வந்திருக்கிற புற்றுநோய். சுத்திலும் இருக்கறது நீர். கட்டி குடலோட ஒட்டியிருக்கு, பாருங்க. இப்ப அறுத்தா முழுசா எடுக்க முடியாது. மருந்து ஏத்திட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். சுருங்கியிருந்தா ஆபரேஷன்."

அன்று மாலை தனபால் அழுதான். "நீ பயந்துருவேன்னுதான் சொல்லலே."

"பயப்படறது என்ற வேலைங்க. அத நீங்க எதுக்கு எடுத்துக்கிட்டீங்க?"

மருந்து ஏற்றி முடிந்தது. முடி கொட்டியது. வயிற்று உப்பல் வடிந்தது. அதற்குள் நாத்தனார் சிவசக்தி தனபாலின் மனதைக் கலைத்திருந்தாள். "வவுறுதான் வடிஞ்சு போச்சே. அந்த ஸ்கேன் எடுத்து எடுத்துத்தான் நோய் பரவுதாம்."

தனபால் தலையாட்டினான். மேனகா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் வீசினாள். "உள்ள என்ன இருக்குன்னு பாக்காம மாசக்கணக்கா தின்ன மாத்திர பத்தாதா?" மறுநாள் தனியாகவே சேலத்துக்குப் பஸ் ஏறினாள்.

புதிதாக எடுத்த ஸ்கேன் படத்தில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கி, குடலை விட்டு விலகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த கட்டியை முழுவதும் எடுத்துவிட்டதாக ஷீனா சொன்னார். திரும்ப வரலாம், விடாமல் வந்து காட்டவேண்டும் என்பதையும் மேனகாவிடமே சொன்னார்.

நடக்கத் தெம்பு வந்ததும் அவள் முதலில் போனது ஏற்காட்டில் இருந்த அந்தக் கிளினிக்குக்கு. பெஞ்சில் இருந்த பெண்களைப் பார்த்து, "வவுறு உப்பிக்கிட்டே இருந்தா விடாதீங்க. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்க," என்று உரக்கச் சொன்னாள். டாக்டர் எட்டிப் பார்த்தார். முடி கொட்டியிருந்த அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரும்மா அது? வெளிய போங்க," என்றார்.

மேனகா இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியேறினாள்.