தேதி பிந்திய திரை

அந்த முதியோர் இல்லத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எதைத் தொட்டாலும் கடவுச்சொல் கேட்க வைத்துவிடுவாள் என்பதால் பூட்டக்கா. சம்பளப் பட்டியல் தட்டச்சு செய்ய வந்தவள்தான். கம்ப்யூட்டர் மக்கர் செய்த போதெல்லாம் மேசைக்கு அடியில் புகுந்து பார்க்கப்போய், ஒரு கட்டத்தில் மொத்த கம்ப்யூட்டர் வேலையும் அவள் தலையில் விழுந்தது. பஸ் ஓட்டுகிற புருஷன், "உனக்கு ஹாரனும் கிடையாது, பிரேக்கும் கிடையாது" என்று சீண்டுவான்.

இல்லத்துக்கு மூன்று கட்டடங்கள். யாருக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது மூன்றிலும் தனித்தனியாகக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே தரவுக் கிடங்கில் கொட்டி, ஒரே திரையில் பார்க்க நிர்வாகிக்கு ஆசை. காசு கொடுத்து வாங்க மனமில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று மூலநிரலோடு இலவசமாகக் கிடைத்த மென்பொருளைப் பூட்டக்கா இறக்கினாள். ஒரு பகுதி எழுந்தால் இன்னொரு பகுதி படுத்தது. நினைவகம் போதவில்லை என்று முரண்டு பிடித்தது. விடாமல் மல்லுக்கட்டி ஓட வைத்தாள்.

"சார், இந்தத் திரை மாசக்கணக்கு பாக்கத்தான். டிவில போட்டு வார்டுல மாட்டாதீங்க."

"பின்ன? அவ்ளோ பெரிய டிவிய என் ரூம்ல வெச்சு சீரியல் பாக்கவா?"

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை.

புதுத் திரையின் திறப்பு நாளன்று காலை, சர்க்கரை நோயாளிகள் வார்டில் நன்கொடையாளர்கள் கூடியிருந்தார்கள். அந்த வார்டில் மருந்துப் பதிவு காகிதத்தை விட்டு டேப்லெட்டுக்கு மாறிய முதல் நாளும் அதுதான். திரை ஒளிர்ந்தது. வரிசையாகச் சிவப்பு. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும், 'காலை இன்சுலின்: இன்று போடவில்லை.'

நிர்வாகியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "என்ன சிஸ்டர் இது?"

"போட்டாச்சே சார், நைட் டியூட்டி பொண்ணு போட்டுட்டுத்தான் போனா," என்றார் பெரிய சிஸ்டர்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

பெரிய சிஸ்டர் பார்க்கவில்லை. அவர் வந்தபோது அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தாள். டேப்லெட்டிலும் அதே சிவப்புதான். போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. விடிய விடிய விழித்தவள் தூங்குவாள். முதல் கட்டிலில் இருந்த தையற்காரத் தாத்தாவின் விரலைக் குத்திப் பார்த்தார்கள். சாப்பிட்ட கையோடு பார்த்ததால் சர்க்கரை ஏறித்தான் இருந்தது.

"காலைலயே ஒரு குத்து வாங்கிட்டேனேம்மா," என்றார் தாத்தா.

"நேத்து வாங்கினதா இருக்கும் தாத்தா," என்றாள் புது சிஸ்டர். ஊசி இறங்கியது.

அந்நேரம் பூட்டக்கா கீழே சர்வர் அறையில் இருந்தாள். மடிக்கணினியில் அதே சிவப்பைப் பார்த்ததும் பதிவுகளைத் தோண்டினாள். காலை ஏழு மணிக்குப் போட்ட ஊசிகள் ஒன்றுவிடாமல் இருந்தன, நேற்றைய தேதியில். இயந்திரத்தின் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றியவள், கிடங்குக்குள் ஓடும் கடிகாரத்தை உலகப் பொது நேரத்திலேயே விட்டுவிட்டாள். இந்த ஊர் நேரம் அதைவிட எட்டு மணி முந்தி; இங்கே காலை எட்டு மணி அடித்தால்தான் அதற்கு நள்ளிரவு. அவள் சோதித்துப் பார்த்ததெல்லாம் மற்றக் கட்டடங்களின் மதிய மாத்திரைகள். அவை சரியாகவே வந்திருந்தன.

ஒரு வரியை மாற்றினால் சிவப்பெல்லாம் பச்சையாகிவிடும். ஏதோ இணைப்புக் கோளாறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். விரல் விசைப்பலகை வரை போனது. இதற்குள் யாராவது அந்தத் திரையை நம்பியிருந்தால்? மடிக்கணினியை அப்படியே போட்டுவிட்டுப் படியேறி ஓடினாள்.

இரண்டாவது கட்டிலில் ஊசி தயாராக இருந்தது.

"நிறுத்தும்மா! எல்லாருக்கும் போட்டாச்சு!" டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினாள். "திரை தப்பு. தேதிய நான் தப்பா வெச்சுட்டேன்."

"விருந்தாளிங்க முன்னாடி என்ன கூத்து இது?" நிர்வாகி பல்லைக் கடித்தார்.

பெரிய சிஸ்டர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஏற்கெனவே யாருக்குப் போட்டே?" என்று புது சிஸ்டரைக் கேட்டார். அவள் முதல் கட்டிலைக் காட்டினாள்.

டாக்டருக்கு ஆள் போனது. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். குத்திப் பார்க்கப் பார்க்க எண் இறங்கியது. தாத்தாவுக்குச் சட்டை தொப்பலாக நனைந்தது, நாக்கு குழறியது. "பட்டன்... பட்டன் எங்க வெச்சே?" என்று காற்றில் துழாவினார். பிறகு துழாவுவதும் நின்றது. டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். கை அசைந்து ஊசி நழுவாமலிருக்கப் பூட்டக்கா அவர் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எண் அசைய மறுத்தது. அடுத்த தடவை கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்த தடவை இன்னும் ஏறியது.

தாத்தா கண்ணைத் திறந்தார். "இன்னும் எத்தனை குத்தும்மா? துணியா இருந்தா இந்நேரம் ஜாக்கெட்டே முடிஞ்சிருக்கும்."

புது சிஸ்டர் அழுதாள். "அழறதெல்லாம் அப்புறம், போய் ஜூஸ் எடுத்துட்டு வா," என்று பெரிய சிஸ்டர் விரட்டினார்.

"உள்ள போன மருந்து இன்னும் வேலை செய்யும். சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல ஆள் இருக்கணும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

நிர்வாகி மெதுவாக வந்து நின்றார். "தேதிய மாத்திட்டா டிவிய போட்டுடலாம்ல? விருந்தாளிங்க எல்லாம் கீழதான் இருக்காங்க."

"தேதிய மாத்துவேன் சார். டிவி இங்க வேண்டாம்."

"அத நீங்க முடிவு பண்றீங்களா?"

"இவருக்கு யார் பதில் சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க சார், நான் மாட்டிடறேன்."

நிர்வாகி கட்டிலைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க."

"வரேன் சார்," என்றாள் பூட்டக்கா. தாத்தாவின் கையில் இன்னும் குத்தாத விரல் எது என்று தேடி, அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.