காரா பஸ்ஸா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது

2008-ம் வருடம் பொங்கலுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் எல்லாம் லீவு விட்டிருந்த சமயம். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் நாங்கள் ஐந்து பேர் அந்தமானுக்குக் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், ஏழு வயது மகள், என் வீட்டுக்காரரின் அக்கா, அக்காவின் கணவர். அக்காவை நான் நங்கை என்றும், அவர் கணவரை அண்ணன் என்றும் கூப்பிடுவேன்.

அங்கே போய்ச் சுற்றிப் பார்க்க வாடகைக் கார் எடுப்பதா வேண்டாமா? இந்தப் பேச்சு டிக்கெட் எடுத்த ஐப்பசி மாதமே ஆரம்பித்துவிட்டது. கம்பெனி வைத்திருப்பவன் குடும்பத்தோடு டூர் போய் பஸ்ஸுக்கு நிற்பதா என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. அண்ணனுக்குக் குண்டடத்தில் தோட்டம். “தீவுன்னா எத்தன தூரம் இருந்துறப் போகுது மாப்ள? நம்ம தாராபுரம் ரோட்டு நீளங்கூட இருக்காது. அதுக்கு எதுக்குக் காரு?” என்பார். நங்கைக்கோ கார் ஏறினால் பல்லடம் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. நான் கார் கட்சிதான். ஆனால் நங்கையிடம் நேரே சொல்லத் தைரியம் இல்லாமல், வீட்டுக்காரரைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்று மாதம் பேசியும் முடிவு வரவில்லை. சென்னைக்குப் போன ரயிலிலும் இதே பேச்சு. விமானத்தில் எல்லோருக்கும் அதுதான் முதல் பயணம். கீழே கடல் தெரிந்தபோது மகள் ஒருத்திதான் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பெரியவர்கள் நாங்கள் நாலு பேரும் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

போர்ட் பிளேரில் முதல் நாள் இரண்டு ஆட்டோ பிடித்து, ஆளுக்கொரு பக்கம் போய், ஒருவரை ஒருவர் தேடியே பொழுது போனது. இரண்டாம் நாள் காலை ரூமில் பேச ஆரம்பித்து மத்தியானம்தான் வெளியே வந்தோம். எனக்கு ஏன்டா வந்தோம் என்று ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் தள்ளி இருந்த ஒரு கடற்கரைக்குப் போகலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பக்கத்திலேயே டாக்ஸிகள் நின்றன. ஒரு டிரைவர் தமிழ்க்காரர், ராமநாதபுரம் பக்கம். என் வீட்டுக்காரர் அவரிடம் பேசப் போக, அண்ணன் கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸைக் காட்ட, மறுபடியும் தொடங்கியது. கடைசியில் என் வீட்டுக்காரர், “செரி, பஸ்ஸுலயே போய்த் தொலைவோம்” என்றார்.

அவர் மனம் மாறுவதற்குள் இடம் பிடித்துவிட வேண்டும் என்று மகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்திலும் முன் சீட்டிலும் துண்டுகளைப் போட்டேன். “யாரையும் உக்கார உடாத கண்ணு. அம்மா எல்லாரையும் கூட்டிட்டு வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

இறங்கிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் மறுபடியும் டாக்ஸி பக்கம் போய் நிற்கிறார். நங்கை, “என்னாலதான எல்லாருக்கும் இடைஞ்சல்? நான் ரூம்லயே இருந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க” என்று கண்ணைக் கசக்கினார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு வாய் வழியாக வந்துவிட்டது.

“உங்களுக்காக இன்னும் எத்தன நாளைக்குங்க நாங்க பல்லக் கடிச்சுட்டு இருக்கறது?” என்று ஆரம்பித்தேன். எங்கள் கல்யாணத்தில் நடந்தது வரைக்கும் போய்விட்டேன். அண்ணன் பதிலுக்குக் கத்த, என் வீட்டுக்காரர் எங்கள் எல்லோரையும் சேர்த்துக் கத்தினார். டாக்ஸி டிரைவர் காரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

அவர்தான் கேட்டார், “பாப்பா எங்கம்மா?”

திரும்பிப் பார்த்தேன். பஸ் நின்ற இடம் காலியாக இருந்தது.

அந்த டிரைவர் மட்டும் நிதானமாக இருந்தார். “எல்லாரும் ஏறுங்க. அந்த ரூட்டு எனக்குத் தெரியும்” என்று கார்க் கதவைத் திறந்தார். மூன்று மாதம் ஏறலாமா வேண்டாமா என்று பேசிய கார். நொடியில் நாலு பேரும் உள்ளே இருந்தோம்.

அதன் பிறகாவது சும்மா இருந்தோமா? “நீங்கதான பஸ்ஸுன்னீங்க மச்சான்” என்று என் வீட்டுக்காரர் ஆரம்பிக்க, “புள்ளயத் தனியா உட்டுட்டு எறங்கச் சொன்னது யாரு?” என்று அண்ணன் என்னைக் காட்டினார். டிரைவர் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டார். “நீங்க சத்தம் போடாம வந்தீங்கன்னா, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் கேட்டுக்கிட்டே போகலாம்” என்றார்.

முதல் ஸ்டாப்பில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல் தண்ணீர். சின்னத் தீவு என்றோமே, அந்த ரோடு முடியவே இல்லை. நங்கை கார் ஜன்னலில் தலையை நீட்டி, நடந்து போகிற ஒவ்வொரு குழந்தையையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கையால் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ரோடு இரண்டாகப் பிரியும் ஓரிடத்தில் டீக்கடை. வாசல் பெஞ்சில் ஒரு அம்மா, கையில் சாப்பாட்டுக் கூடை. அவர் பக்கத்தில் என் மகள் பன் தின்றுகொண்டிருந்தாள்.

ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை. மடியில் எங்கள் துண்டுகள் மடித்து இருந்தன. “அம்மா, மூணு சீட்டு புடிச்சு வெச்சிருந்தேன். எறங்கறப்பதான் போயிருச்சு” என்றாள், நான் திட்டுவேனோ என்று என் முகத்தைப் பார்த்தபடி.

அந்த அம்மாவும் ராமநாதபுரத்துத் தமிழ்தான் பேசினார். “பஸ்ஸுல நிக்க எடமில்லத்தா. வயசான ஆளு ஒருத்தரு உக்கார வந்தாரு. இவ ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, எங்கம்மா வருவாங்கன்னு விடவே இல்ல. அம்மா எங்கத்தான்னு கேட்டா, கீழ சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லுது.”

கண்டக்டர் கடைசி ஸ்டாப் வரை கொண்டுபோய்த் திருப்பி அழைத்து வருவதாகச் சொன்னாராம். இந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் பின்னாலேயே வருவோம் என்று நினைத்து, அவளோடு இங்கே இறங்கி, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். “புள்ளய எடம் பிடிக்கவா கூட்டியாந்தீக?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது.

அவருக்கு ஒரு லாட்ஜில் துணி துவைக்கிற வேலையாம். அன்றைக்கு நேரம் தப்பிவிட்டது. நாங்களே நெருக்கி உட்கார்ந்து காரில் கொண்டுபோய் விட்டோம். அங்கே மேஸ்திரி அவரைப் பார்த்ததும் ஹிந்தியில் கத்த ஆரம்பித்தார். அண்ணன் இறங்கிப் போய், ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாதவர், கையெடுத்துக் கும்பிட்டு, “எங்களாலதானுங்க லேட்டு, அவுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார். கம்பெனியில் வடக்கத்திப் பையன்களிடம் பேசிப் பழகிய அரைகுறை ஹிந்தியில் என் வீட்டுக்காரர் அதை எடுத்துச் சொன்னார். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மீதி இரண்டு நாளும் அதே காரில்தான் போனோம். நங்கை வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் பாட்டிலோடு அவர் பக்கத்தில் நின்றேன்.

அந்தமானில் கார் எடுப்பது நல்லதா, பஸ்ஸே போதுமா என்று தெரிந்தவர்கள் இப்போதும் என்னிடம் கேட்பதுண்டு. எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. என் குழந்தையோடு பஸ் கிளம்பிய அந்த நேரத்தில், நான் பேசியதே சரி என்று நிரூபிப்பதற்காக அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன் என்பது மட்டும்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.