எழுப்பாமல் விட்டவர்

ஆம்பூரில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். கூட இருந்த நர்ஸ் காய்ச்சலில் படுத்துவிட்டதால், இரவும் பகலும் வார்டில் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரியை நடத்திய வெள்ளைக்கார டாக்டரம்மா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இரண்டாம் நாள் மதியம், காலையில் பிள்ளை பெற்றிருந்த தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளியின் மனைவி ஜைனபுவின் கட்டிலருகே, முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். பாதம் நனைந்த பிறகுதான் விழித்தேன். கட்டிலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அலறிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஜைனபு எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

"ஏன் என்னை எழுப்பல?" என்று அவரிடம் அழுதேன்.

"ஈரமா இருக்குதுன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ அசந்து தூங்கினு இருந்தே, எழுப்ப மனசு வர்லம்மா."

அந்த இரக்கம் அவர் உயிரையே வாங்கியிருக்கும். ஆனாலும், நான் கொஞ்சம் தூங்கட்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் நினைத்தவர் அவர் ஒருவர்தான்.